மலைக்காட்டின் நேரமும் நமது பயணத் திட்டமும்

மார்ச் மாதக் கணக்கு முடிந்து கிளை சற்று மூச்சு விடும் வேளையில், வாடிக்கையாளர்களின் பேச்சில் கோடை விடுமுறை வந்து சேர்ந்துவிடுகின்றது. நாயுடுபேட்டையின் ஏப்ரல் வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். மேனகூரு தொழிற்பகுதியில் பணிபுரியும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் என் மேசை முன் வந்து அமர்ந்தார். "குடும்பத்தோடு காரில் ஊட்டி போகிறோம் சார். வைப்புத்தொகையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளட்டுமா, அல்லது தனிநபர் கடன் வாங்கட்டுமா?" என்று கேட்டார். பணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை கூறுமுன், "எத்தனை மணிக்குப் பந்திப்பூர் சோதனைச் சாவடியை அடைவீர்கள்?" என்று நான் வினவினேன். கடன் கேட்டவரிடம் கடிகாரத்தைப் பற்றிப் பேசுகின்றாரே என்று அவர் வியந்திருக்கக்கூடும். அந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்வதற்கும், அதிலிருந்து நான் அடைந்த கருத்தை முன்வைப்பதற்குமே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் சித்தூரில் பணியாற்றியபோது, இரண்டாம் சனிக்கிழமையோடு இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு முதுமலைக்குப் புறப்பட்டேன். காரில் மனைவி, இரு பிள்ளைகள், எழுபது வயதை நெருங்கிய என் தாயார். கைப்பேசி வரைபடம் எட்டு மணி நேரம் என்றது. வணிகவியல் படித்தவன் அல்லவா? தூரத்தை வேகத்தால் வகுத்து, அதற்கு மேல் அரை மணி நேரத்தை 'இருப்பு' என்று வைத்துக்கொண்டு, முற்பகல் பதினொரு மணிக்குக் காரை எடுத்தேன். பெங்களூரு நகரைக் கடப்பதற்குள் அந்த இருப்பு முழுவதும் கரைந்துபோயிற்று. குண்டுலுபேட்டையைத் தாண்டிப் பந்திப்பூர் காட்டின் சோதனைச் சாவடியை அடைந்தபோது இரவு 9 மணி 20 நிமிடம். தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது.

பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2009ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பிறப்பித்த ஆணை அது. பின்னர் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ள ஒரு விதியை நான் அறியாமல் சென்றேன் என்பதே உண்மை. ஆயினும் அன்று என் அறியாமையை ஒப்புக்கொள்ளாமல், "இருபது நிமிடம்தானே?" என்று வனக்காவலரிடம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை, சாலையோரம் வரிசையாக நின்ற லாரிகளைச் சுட்டிக்காட்டினார். ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தனர். அன்றாடம் அவ்வழியே சென்று பிழைப்பவர்களே காத்திருக்கும்போது, உல்லாசத்துக்கு வந்த நான் அவசரப்படுவதற்கு நியாயம் ஏதுமில்லை. குண்டுலுபேட்டைக்குத் திரும்பி, கிடைத்த அறையில் இரவைக் கழித்தோம். முன்பணம் கட்டியிருந்த விடுதியின் ஒரு நாள் வாடகை வீணாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் பண இழப்பாகவே இருந்திருக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பம் உயர்ந்ததும், இழந்த நேரத்தை ஈடுகட்டும் எண்ணத்தோடு காரை விரைவாகச் செலுத்தினேன். மூடுபனி முழுவதும் விலகவில்லை. ஒரு வளைவைத் தாண்டியதும் புள்ளிமான் கூட்டம் ஒன்று சாலையின் குறுக்கே பாய்ந்தது. முழு வலுவோடு நிறுத்துக்கட்டையை அழுத்தினேன். மான்கள் தப்பின. பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்த என் தாயாரின் நெற்றி முன்னிருக்கையில் மோதிக் கிழிந்தது. கூடலூரில் மருத்துவர் இரண்டு தையல் போட்டார். "மானுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று அம்மா கேட்டார். அந்தத் தழும்பு இன்றும் அவர் நெற்றியில் இருக்கின்றது. விடுதியில் இழந்த பணத்தை நான் மறந்துவிட்டேன். தழும்பை மறக்க இயலவில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மலைக்காட்டுப் பயணத்தைத் தூரத்தைக் கொண்டு திட்டமிடுவது தவறு. காட்டின் நேரத்தைக் கொண்டு திட்டமிட வேண்டும். சோதனைச் சாவடி எப்போது திறக்கின்றது, எப்போது மூடுகின்றது, எத்தனை வாகனங்களுக்கு அனுமதி, எந்தச் சாலையில் ஏறலாம், எதில் இறங்கக்கூடாது என்பவற்றை முதலில் எழுதிக்கொண்டு, நமது புறப்பாட்டை அவற்றுக்கு ஏற்பப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கடனின் கடைசித் தவணை நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? அதே முறைதான்.

இத்தகைய கட்டுப்பாடுகள் சுற்றுலாவுக்கு இடையூறு என்று பலர் குறைகூறக் கேட்கின்றேன். நமது மாவட்டத்து மக்கள் அவ்வாறு கூறுவதற்கு முன் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஏனெனில், இந்தியாவிலேயே மிகுந்த ஒழுங்கோடு இயங்கும் மலைச்சாலைகளுள் ஒன்று நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருக்கின்றது. திருமலையின் முதல் மலைச்சாலை 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டாவது சாலை 1970களில் வந்தபின், ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு மற்றொன்று என வழிகள் பிரிக்கப்பட்டன. இறங்கும் வாகனம் குறித்த நிமிடங்களுக்கு முன்னதாகவே அலிபிரியை வந்தடைந்தால் ஓட்டுநர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மற்ற சாலைகளில் தாமதம் குற்றம் என்றால், இங்கே முந்துவது குற்றம். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் சாலை மூடப்படுகின்றது. இவற்றை யாரும் இடையூறாகக் கருதுவதில்லை. மலையின் முறை என்று ஏற்றுக்கொள்கின்றோம். அதே மனிதர்கள் நீலகிரிக்குச் சென்றதும் ஏன் பொறுமை இழக்கின்றோம்?

திருமலை ஒரு கோயில் மட்டுமன்று, ஒரு காடும் ஆகும் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகின்றோம். அதனைச் சூழ்ந்த சேஷாசலம் மலைத்தொடரில் சுமார் 353 சதுர கி.மீ. பரப்பு 1989இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இல் சேஷாசலம் மலைகள் உயிர்க்கோளக் காப்பகமாயின. உலகில் வேறெங்கும் இயல்பாக வளராது, தென் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலேயே வளரும் செம்மரத்தின் தாயகம் இது. சிறுத்தை, தேவாங்கு, பொன்னிறப் பல்லி ஆகியவை வாழும் இடம். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் சென்ற ஒரு சிறுமியைச் சிறுத்தை கவர்ந்து சென்ற துயரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் பிள்ளைகளோடு நடந்து ஏறுவோருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. விதிகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் இழந்த பிறகே எழுதப்படுகின்றன.

இன்னொரு துயரமும் நினைவுக்கு வருகின்றது. 2022 மார்ச் மாதத்து ஓர் இரவில், திருமண நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதி நோக்கி வந்த குடும்பத்தாரின் பேருந்து பாகராப்பேட்டைக் கணவாயில் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். தலக்கோணம் அருவியைக் காணச் செல்வோர் பலருக்கும் பழகிய சாலை அது. மலைச்சாலையில் இரவும் விரைவும் சேரக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கோடைக்காலத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இவ்விரு இடங்களுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்துக்கு எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வரம்பு நிரம்பிவிட்டால் இடம் இல்லை. எனவே விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இ-பாஸ் பெறுவதே முறை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். மேலும், விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வெளியூர் வாகனங்கள் அதில் ஏறலாம். இறங்குவதற்கு அனுமதி இல்லை. சரிவு கடுமை, நிறுத்துக்கட்டை சூடேறிச் செயலிழந்து நேர்ந்த விபத்துகள் பல. கூடலூர் வழியாகச் சற்றுச் சுற்றி இறங்குவதில் நமக்கு இழப்பு ஒரு மணி நேரம் மட்டுமே. இறக்கத்தில் கியரைக் குறைத்து, பொறியின் பிடிப்பிலேயே காரை இறக்க வேண்டும். ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். இவை ஓட்டுநர் பள்ளியில் ஒருமுறை கேட்டு மறந்துபோகும் பாடங்கள்.

எதிர்க்கருத்தையும் நேர்மையோடு கூறியாக வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. பந்திப்பூர் இரவுத் தடையால் வயநாட்டின் விவசாயிகளும் வணிகர்களும் தங்கள் விளைபொருள் சென்றடையத் தாமதமாவதாக முறையிடுகின்றனர். 2019இல் சுல்தான் பத்தேரியில் இதற்காக உண்ணாநிலைப் போராட்டமே நடந்தது. இ-பாஸால் விற்பனை குறைந்தது என்று உதகையின் சிறு கடைக்காரர்கள் வருந்துகின்றனர். கிளையில் சிறு வணிகர்களின் கடன் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில், ஒரு பருவத்தின் விற்பனை குறைந்தால் தவணை எப்படித் தவறும் என்பதை நான் அறிவேன். அவர்களின் குறையைத் தள்ளிவிட முடியாது.

எனினும், தடையை நீக்குவது அதற்குத் தீர்வாகாது. பந்திப்பூரில் இரவிலும் அவசர ஊர்திகள் அனுமதிக்கப்படுகின்றன. குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் செல்கின்றன. உயிர்காக்கும் தேவைக்கு வழி திறந்தே இருக்கின்றது. மீதமுள்ள இழப்பை ஈடுசெய்வதில் சுற்றுலா செல்லும் நமக்கும் பங்கு உண்டு. மூன்று நாட்களில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு ஓடிவருவதைவிட, ஒரே ஊரில் மூன்று நாள் தங்கலாம். உணவையும் தின்பண்டத்தையும் வீட்டிலிருந்தே மூட்டை கட்டிச் செல்லாமல் அங்குள்ள கடைகளில் வாங்கலாம். வாகனங்களின் எண்ணிக்கை குறைந்து, தங்கும் நாட்கள் கூடினால் மலையும் பிழைக்கும், மலையில் கடை வைத்திருப்பவரும் பிழைப்பார்.

இது நம் நாட்டில் மட்டும் எழுந்த சிக்கல் அன்று. அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில், 2000ஆம் ஆண்டு முதல், ஆண்டின் பெரும்பகுதியில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார்கள் செல்ல இயலாது. பூங்காவின் பேருந்தில்தான் செல்ல வேண்டும். நமது அண்டை நாடான பூடான், இந்தியப் பயணிகளிடமும் நாளொன்றுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வாங்குகின்றது. இவற்றோடு ஒப்பிட்டால், கட்டணமின்றி ஓர் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெறுமாறு கேட்பது பெரிய சுமை ஆகாது.

இனி, என் மேசைக்கு வந்த வாடிக்கையாளரின் கேள்விக்கு வருகின்றேன். உல்லாசப் பயணத்துக்குக் கடன் வாங்குவது என் கருத்தில் தவறு. கடன் தரும் வங்கியில் பணிபுரிந்துகொண்டே இதைச் சொல்கின்றேன். ஐம்பதாயிரம் ரூபாய்த் தனிநபர் கடனை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,354 ரூபாய். மொத்தம் 56,500 ரூபாய் வரை செலுத்த வேண்டியிருக்கும். மாறாக, மாதம் 4,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதங்கள் தொடர் வைப்பில் சேர்த்தால், வட்டி ஆறரை விழுக்காடு என்று கொண்டாலும், ஆண்டு முடிவில் 49,600 ரூபாய்க்கு மேல் கையில் இருக்கும். முதல் வழியில் பயணம் முடிந்து அடுத்த கோடைக்குப் பின்னும் தவணை தொடரும். இரண்டாம் வழியில், ஓராண்டு காத்திருக்கும் பொறுமை ஒன்றே விலை. வைப்புத்தொகையை இடையில் முறித்தாலும் வட்டியில் இழப்பு நேரும். அந்த வாடிக்கையாளரிடம் இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இவ்வாண்டு தலக்கோணத்துக்கு ஒருநாள் பயணமும், அடுத்த கோடைக்கு நீலகிரியும் என்று அவர் முடிவு செய்தார். தொடர் வைப்புக் கணக்கை அன்றே தொடங்கிவிட்டார்.

புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. வாகனக் காப்பீடு நடப்பில் உள்ளதா, அதில் மூன்றாம் நபர் காப்பு மட்டுமா, சொந்த வாகனச் சேதத்துக்கும் காப்பு உண்டா என்று பாருங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் போதிய இருப்பு வைத்திருங்கள். நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வோருக்கு, 2025 ஆகஸ்ட் 15 முதல் ஓராண்டு அல்லது 200 பயணங்கள் வரை செல்லும் ஆண்டுச் சீட்டும் கிடைக்கின்றது. காட்டுச் சாலைகளில் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் அற்றுப்போகும். யுபிஐயை மட்டும் நம்பாமல் சிறிதளவு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இ-பாஸை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு அளிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள குடும்பத்தார் அனைவரும் சேர்ந்திருக்கின்றார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னிருக்கையில் அமர்வோரும் பட்டை அணியட்டும். அது சட்டமும்கூட. அந்த ஒரு வரியை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேனோ என்று எனக்கே தோன்றுகின்றது.

காரில்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாயுடுபேட்டையிலிருந்து சென்னைக்குச் சென்றால், அங்கிருந்து நீலகிரி விரைவு இரயில் இரவில் புறப்பட்டுக் காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகின்றது. அங்கிருந்து உதகைக்கு 46 கி.மீ. தூரம் மலை இரயில். 1908 முதல் உதகை வரை ஓடும் அந்த இரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இருக்கைகள் குறைவு, முன்பதிவை மிக முன்னதாகச் செய்ய வேண்டும். இ-பாஸ் கவலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. ஓட்டுநராக இருக்க வேண்டிய குடும்பத் தலைவரும் அன்று சன்னல் ஓரம் அமரலாம்.

சென்ற ஆண்டு அதே வழியில் மீண்டும் சென்றோம். இம்முறை முதல் நாள் மைசூரோடு நிறுத்திக்கொண்டோம். மறுநாள் முற்பகலில், அவசரமின்றிப் பந்திப்பூரைக் கடந்தோம். வண்டியை எங்கும் நிறுத்தவில்லை, ஒலிப்பானை அழுத்தவில்லை. யானை ஏதும் கண்ணில் படவில்லை என்று பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றம். தெப்பக்காட்டை அடைந்தபோது அம்மா தம் இருக்கைப் பட்டையைத் தாமே அவிழ்த்து, "இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டோமே" என்றார். உண்மையில் முன்னைக்காட்டிலும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகியிருந்தது.

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இக்கோடை இனிதாக அமைய வாழ்த்துகின்றேன். மலைக்குச் செல்லுங்கள், மாலைக்குள் காட்டைக் கடந்துவிடுங்கள்.